உஷ் அக்காவின் ஸ்டூல்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் சம்பளப் பட்டியலில் அவளுக்கு லட்சணமான ஒரு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை வங்கிக்காரர்கள் மட்டும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். மற்றபடி வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் உஷ் அக்கா. காரிடாரில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், எங்கிருந்தோ ஒரு ‘உஷ்’ வரும். பின்னாலேயே செருப்பில்லாமல், வெறும் சாக்ஸ் போட்ட காலோடு அவளும் வருவாள். ஐம்பது வயது, எழுபத்தொன்பது கிலோ, ஆனால் நடந்தால் சத்தம் கேட்காது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவள் காவல் காத்தது கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அறையை. அறைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகுக் கலம், கலத்துக்குள் நடுவே துளையிட்ட ஒரு சாண் நீளக் கண்ணாடிக் கட்டை. கட்டையின் இரு முனையிலும் காசு அளவில் இரண்டு கண்ணாடிகள். லேசர் ஒளி அந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும். ஒளியின் நிறம் எதுவென்று தீர்மானிப்பது கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரம். அந்தத் தூரம் ஓர் அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் நிறம் நகர்ந்துவிடும். மனிதக் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. ஆனால் மிகத் துல்லியமான கடிகாரங்கள் இந்த ஒளியை நம்பித்தான் ஓடுகின்றன, அவற்றுக்கு நன்றாகவே தெரியும். அதனால் கட்டை ஆடக்கூடாது. கட்டை ஆடக்கூடாது என்றால் கலம் ஆடக்கூடாது, அறை ஆடக்கூடாது, கட்டடம் ஆடக்கூடாது, கட்டடத்தில் இருக்கிற இருநூறு பேரும் ஆடக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் அக்காவின் பொறுப்பு.

அவள் படித்து வந்த விஞ்ஞானி ஒன்றுமில்லை. முதலில் குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. முப்பத்தொரு வயதில் இங்கே வெற்றிடக் கலங்களில் கசிவு பார்க்க ஆள் கேட்டார்கள், வந்து ஒட்டிக்கொண்டாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், ஒன்றுமில்லாததைக் காவல் காக்கிறேன், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரித்தாலும் வேலையில் எமகாதகி. அளவெடுக்கிற நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிடுவாள். மூட்டு வலிக்காரரான இயக்குநர் நாலாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிப் போவார். கதவிடுக்குகளில் கம்பளித் துணி ஒட்டினாள். துப்புரவு அம்மாவின் வாளிக்கடியில் ரப்பர் வட்டம் வைத்தாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியருக்குத் தும்மல் வருவதைப் பார்த்து, அவரைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்த் தும்மவிட்டாள். வீட்டிலும் இதே கதைதான். குளிர்சாதனப் பெட்டிக்கு நாலு ரப்பர் கால். மகள் டிரம் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டாள், கிடைத்தது புல்லாங்குழல். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பகல் பூராவும் குலுங்குகிறவர் ஒருத்தர், பகல் பூராவும் குலுங்காமல் இருக்கிறவள் ஒருத்தி, எந்தப் புண்ணியவான் இந்த ஜோடியைச் சேர்த்தானோ என்று அவளே சொல்வாள்.

தினமும் காலை பத்தரைக்கு அவள் கீழ் அறைக்குப் போவாள். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் பூனை மாதிரி உட்காருவாள். சூடு எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு, தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூன்று கருவிகள் காட்டும் எண்களை நோட்டில் எழுதுவாள். சூடு கொஞ்சம் கூடும், குறையும். சாய்வு மட்டும் பத்தொன்பது வருஷமாக ஒரே எண். புதிதாக வருகிறவர்களிடம் அந்தப் பக்கங்களைப் புரட்டிக் காட்டுவாள். கட்டியவர்கள் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், காக்கிறவர்கள் அப்படிக் காக்கிறார்கள் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் அணுப்பொண்ணு வந்து சேர்ந்தாள். ஒல்லியாக ஒரு முனைவர். வாயைத் திறந்தால் அணு, மூடினால் பிஸ்கட். அவள் செய்ய வந்தது வேறு வகை லேசர். ஸ்ட்ரான்சியம் என்கிற உலோகத்தின் அணுக்களை ஆவியாக்கி, குளிரவைத்து, ஒளியாலேயே பிடித்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லட்சக்கணக்கில் நிறுத்தவேண்டும். அந்த அணு சரியான சோம்பேறி. தனியாக விட்டால் தன்னிடம் இருக்கிற ஒளியை வெளியே விட நிமிஷக் கணக்கில் யோசிக்கும். ஆனால் கூட்டமாக, ஒரே கண்ணாடிகளைப் பார்த்தபடி நிறுத்திவிட்டால் எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்து, சேர்ந்தாற்போல் ஒளியை விடும். அக்கா இதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒருத்தரும் கிளம்பவே மாட்டார்கள். ஒருத்தர் எழுந்து செருப்பைத் தேடினால் போதும், மொத்த வீடும் ஒரே நேரத்தில் காலியாகிவிடும்.

அதுவரைக்கும் சரி. அதற்கு மேல் அணுப்பொண்ணு சொன்னதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்படிச் சேர்ந்து வருகிற ஒளியின் நிறத்தை அணுக்களே தீர்மானிக்கின்றன, கண்ணாடி கொஞ்சம் நடுங்கினாலும் நிறம் பெரிதாகக் கேட்டுக்கொள்ளாது என்றாள். அப்படியென்றால் நான் எதற்கு, என் சாக்ஸ் எதற்கு என்று அக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேவையில்லாமல் புருஷனிடம் எரிந்து விழுந்தாள்.

ஆனாலும் அந்தப் பெண்ணின் வெற்றிடக் கலத்தைக் கட்டிக் கொடுத்தது அக்காதான். எங்கோ ஒரு மயிரிழைக் கசிவு. ஹீலியம் வாயுவை ஒவ்வோர் இணைப்பின் மேலும் பீய்ச்சி, எந்த இடத்தில் உள்ளே போகிறது என்று ஆறு வாரம் தேடினாள். அந்த ஆறு வாரமும் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். கசிவு அகப்பட்ட அன்று அந்தப் பெண் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவளிடமும் ‘உஷ்’ என்றாள். அதற்கப்புறம் இருவருக்கும் பிரிக்க முடியாத ஒட்டு.

இந்த வருஷம் ஒருவழியாக அணுக்கள் விடாமல் ஒளிர ஆரம்பித்தன. ஒளி நிலையாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு நிலையான ஒளி வேண்டும். அந்தக் கட்டடத்தில் இருந்தது அக்காவின் பழைய லேசர் ஒன்றுதான். இரண்டு ஒளியையும் ஒன்றாகக் கலந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு சத்தமாக மாற்றிக் கேட்கலாம். அணுப்பொண்ணு மேல் மாடியின் மறுகோடியில் இருந்த தன் அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டினாள். ஒரே சுருதியில் ‘ங்ங்ங்’ என்று கேட்டால் இரண்டு ஒளியும் நிலையாக இருக்கின்றன. சுருதி வழுக்கினால் இரண்டில் ஒன்று நகர்கிறது. எது என்று மட்டும் ஸ்பீக்கர் சொல்லாது.

நாள் முழுக்க நன்றாகப் பாடிக்கொண்டிருந்த அந்த ஸ்பீக்கர், பத்தரை மணி தாண்டினால் போதும், சொல்லிவைத்தாற்போல் மேலே வழுக்கும். பத்து நிமிஷம் அங்கேயே நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கருவிகளைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடாது, அணுக்களுக்கு விடுமுறை. மற்ற எல்லா நாளும் இதே கூத்து. அணுப்பொண்ணு காந்தத்தை மாற்றினாள், மின்சாரத்தை மாற்றினாள், அணுக்களை இன்னும் குளிரவைத்தாள். எதற்கும் மசியவில்லை.

இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டு, பழைய லேசரில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று கேட்டார். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷ நோட்டுகளைத் தூக்கி வந்து மேஜை மேல் அடுக்கினாள். கீழே ஓர் ஈ கூட அசையவில்லை, கோளாறு அணுக்களில்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து கருவி கொண்டுவந்து சோதிக்கிறவர்கள்கூட ஒரு குறை சொன்னதில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். உண்மைதான். சோதனை நாளன்று அவள் காலையிலிருந்து மாலை வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

அதோடு விட்டாளா? யாரோ அந்த நேரத்தில் கட்டடத்தை ஆட்டுகிறார்களோ என்ற சந்தேகத்தில் காவலைப் பலப்படுத்தினாள். பத்து நிமிஷம் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரும் அரை மணி நேரம் வழுக்கியது. பாருங்கள், நாளுக்கு நாள் மோசமாகிறது என்று அதையும் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளை வைத்துத்தான் மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. வியாழக்கிழமை ஐந்து பேர் கொண்ட குழு வரும். இந்தக் கோளாறுக்கு விடை இல்லை என்றால் அணு லேசரை மூடிவிடுவார்கள். மாதக் கடைசியோடு அணுப்பொண்ணுக்கு வேலை இல்லை, அடுத்து எங்கே போனாலும் நாலு வருஷத்தை வீணாக்கியவள் என்ற பெயர்தான் முன்னால் போய் நிற்கும்.

அந்த வாரத் திங்கட்கிழமை அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது. வேலை நாளில் விடுப்பு எடுத்தே பழக்கமில்லாதவள், வேறு வழியில்லாமல் கீழ் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் அசையாமல் இருக்கச் சொன்னாரே என்று பத்தரைக்கும் கீழே போகாமல் தன் மேஜையிலேயே கிடந்தாள். மத்தியானம் அணுப்பொண்ணு ஓடி வந்தாள். நேற்றும் வழுக்கவில்லை, இன்றும் வழுக்கவில்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை என்றாள். அக்கா வீங்கிய கன்னத்தோடு, நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள் போல என்று அதற்கும் தன் பெயரையே போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கணவரின் பேருந்திலேயே வீடு திரும்பினாள். கூட்டமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே, பல் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான்தான் ஏறினேன் என்று எப்படித் தெரியும் என்றாள்.

"ஸ்டியரிங்லயே தெரியும். நீ ஏறினா வண்டி இந்தப் பக்கம் ஒரு நூல் சாயும்."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனை பெரிய பேருந்து, இதில் என் ஒருத்தியின் கனம்தான் உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாய்வு எண்ணைத் தான் எப்போதாவது ஸ்டூலில் உட்காராமல் பார்த்திருக்கிறோமா என்று யோசித்தாள். ஒரு நாள்கூட இல்லை. விடுமுறை நாளில் வேறு யாரையாவது பார்க்கவிட்டிருக்கிறோமா? அதுவும் இல்லை, சாவி இடுப்பில்.

புதன்கிழமை காலை அணுப்பொண்ணு இயக்குநர் அறையில் இருந்த நேரம் பார்த்து, அக்கா தன் கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழே போய்ச் சாய்வுக் கருவியின் எண் தெரிகிற திரையை மட்டும் வாசல் பக்கம் திருப்பிவைத்தாள். பத்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தாள், பத்து நிமிஷம் வெளியே போய் வாசலில் நின்றாள். இப்படி மூன்று தடவை. வாசலிலிருந்து பார்த்தபோது கருவியில் தெரிந்த எண் அவள் வாழ்நாளில் பார்த்திராத எண். உள்ளே போய் உட்கார்ந்ததும் பழைய எண், பத்தொன்பது வருஷ எண், சமத்தாக வந்து நின்றது. மேலே போய்க் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். உட்கார்ந்தபோதெல்லாம் வழுக்கியிருந்தது, எழுந்தபோதெல்லாம் இறங்கியிருந்தது. பெட்டியும் ஸ்டூலும் ஒரே தரையில் நின்றன. இவள் உட்கார்ந்ததும் தரை ஒரு நூலில் லட்சத்தில் ஒரு பங்கு சாய்ந்தது, அந்தச் சாய்வில் உள்ளே இருந்த கட்டை வளைந்துகொடுத்தது. அத்தனை வருஷமாக லிஃப்டையும் வாளியையும் தும்மலையும் துரத்தியடித்துவிட்டு, உள்ளே நோகாமல் போய் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தது அவள்தான்.

முதலில் சிரிப்பு வந்தது. யாருக்கும் தெரியாதே என்பது பிறகுதான் தோன்றியது. நாளைக்குக் கீழே போகாமல் இருந்தால் ஸ்பீக்கர் ஒரே சுருதியில் பாடும், குழுவும் சந்தோஷமாகப் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நினைப்போடு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாள். அணுப்பொண்ணு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ரெண்டு நாளா சரியா இருக்குன்னு சொன்னா, என்ன சரி பண்ணினேன்னு கேப்பாங்கக்கா. ஒண்ணும் பண்ணல. தானா வந்தது, தானா போச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? நான்தான் எங்கயோ தப்பா கட்டியிருக்கேன். எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லையோ என்னவோ."

அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா, சாப்பிடும்மா, ஆறிப்போகுது என்று மட்டும் சொன்னாள். சொன்னபிறகு தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆறு வாரம் தானும் சேர்ந்து கட்டிய கலம் அது. அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு சோற்றை மென்ற வாயை என்ன செய்தால் தகும் என்று சாயங்காலம் வரை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஐந்து பேரும் வந்தார்கள். தலைவியாக வந்தவர் தலை முழுக்க நரைத்த ஒரு பெண்மணி. அதிகம் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அணுப்பொண்ணு நன்றாகவே பேசினாள். வழுக்கல் பற்றிய படம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. காரணம் அணுக்களில் இருக்கலாம், இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவள் சொல்லத் தொடங்கியபோது கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சென்று இழுபட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உஷ் அக்கா எழுந்து நின்றாள்.

"அணுவுல ஒண்ணும் இல்லைங்க. கோளாறு நான்தான்."

இயக்குநருக்கு விளங்கவில்லை. அக்கா ஸ்டூலைச் சொன்னாள், சாய்வு எண்ணைச் சொன்னாள், பல் பிடுங்கியதையும் கைபேசியில் பதிந்ததையும் சொன்னாள்.

"கீழே எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் எழுதினேன்."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. அணுப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்து காட்ட முடியுமா என்று தலைவி கேட்டார். குழு ஸ்பீக்கரைச் சுற்றி நின்றது, அக்கா கீழே போய் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். மேலே வந்தபோது ஐந்து பேரும் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். உங்கள் எடை என்னவென்று கேட்கலாமா என்றார் தலைவி, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு. எழுபத்தொன்பது, பல்லுக்கு வேண்டுமானால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா. தலைவி எழுதிக்கொண்டார். அந்த எடையையும் வழுக்கலையும் வைத்து அங்கேயே ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு, இந்த அணு லேசர் பக்கத்திலும் இவர் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார்.

கலத்துக்குப் பக்கத்தில் அக்கா போய் நின்றாள். ‘ங்ங்ங்’ என்ற சத்தம் அப்படியே இருந்தது. மேஜை மேல் சாய்ந்தாள். அப்படியே இருந்தது. அணுப்பொண்ணு மெதுவாகச் சொன்னாள்.

"குதிங்கக்கா."

அக்காவுக்குக் கால் எழவில்லை. இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளாக அவள் குதிகாலைக்கூடத் தரையில் அழுத்தி வைத்ததில்லை. பூனை மாதிரி ஒரு சின்னக் குதி குதித்தாள். அப்படியில்லை, நல்லா குதிங்க என்றாள் அந்தப் பெண். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எழுபத்தொன்பது கிலோவையும் மேலே தூக்கித் தரையில் போட்டாள். அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் கலகலத்தன. பேனா உருண்டு விழுந்தது. ஸ்பீக்கரின் சுருதி மாறவில்லை.

தலைவி தன் கோப்பை மூடினார். அணுப்பொண்ணைப் பார்த்து, இன்னும் மூன்று வருஷம் கொடுத்தால் போதுமா என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இயக்குநர் கை கொடுத்தார். அக்காவை யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. நிறைந்த மனசுக்குள் ஏதோ ஒன்று வலிக்கவும் செய்தது. கலத்தைப் பார்த்தாள். அவளே கட்டியது, கசிவில்லாதது. யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை, முன்னைவிட உயரமாகக் குதித்தாள். தனக்காகக் கொஞ்சமாவது, ஒரே ஒரு நூலாவது அந்தச் சுருதி அசையாதா என்று இருந்தது அவளுக்கு. அது அசையவில்லை.